பதினோரு பேரலும் முக்கால் கேனும்

நத்தைக்கரட்டில் அறிவாளிகள் அதிகம். அந்த ஊருக்கு இருந்த கஷ்டமே அதுதான். மற்ற ஊர்களில் ஒரு காரியம் என்றால் ஒருத்தன் யோசிப்பான், மீதிப்பேர் செய்வார்கள். நத்தைக்கரட்டில் எல்லாருமே யோசிப்பார்கள். யோசித்து முடித்ததும் தவசியாண்டியைக் கூப்பிட்டு டிராக்டரை எடுக்கச் சொல்வார்கள்.

தவசியாண்டிதான் ஊர் டிராக்டருக்கு டிரைவர். டிராக்டர் ஊர் விவசாயிகள் சங்கத்துச் சொத்து. அதன் பின்னால் ஒரு தண்ணீர் டேங்க்கை மாட்டிக்கொண்டு, காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பண்ணைக்கிணற்றுக்குப் போய்க் குடிதண்ணீர் கொண்டுவருவான். ஊருக்குள் கிணறு இல்லாமல் இல்லை. போன தலைமுறையில் மூன்று கிணறு வெட்டினார்கள். மூன்றையும் கரட்டு உச்சியில் வெட்டினார்கள். உச்சியில் வெட்டினால் தண்ணீர் தானாக ஊருக்குள் இறங்கி வந்துவிடும், சுமக்க வேண்டியதில்லை என்று கணக்கு. மூன்றிலும் பாறைதான் வந்தது. அதோடு இந்த ஊருக்குக் கிணறு ராசியில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வைகாசி மாதம் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பங்க்கில் டீசல் தீர்ந்துபோனது. டிராக்டர் ஐந்து நாள் நின்ற இடத்திலேயே நின்றது. நான்காம் நாள் தவசியாண்டி சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி தட்டில் பொரிகடலையை வைத்தாள். உலை வைக்கத் தண்ணீர் இல்லை.

"குடிக்கக் கொஞ்சம்?" என்று கேட்டான்.

"அதான் டிராக்டர் வச்சிருக்கீங்களே. கறந்து குடிங்க."

தவசியாண்டி எழுந்துபோய் டிராக்டர் பக்கத்தில் நின்றான். ரேடியேட்டரில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டான். பாவம், அதுவும் தாகத்தோடுதான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

வேலைநிறுத்தம் முடிந்த மறுவாரம் ஊருக்கு ஓர் அதிகாரி வந்தார். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு, தோளில் ஒரு துணிப்பை. எண்ணெய்ச் செடிகளைப் பற்றி ஊர் ஊராகப் போய்ச் சொல்வது அவருடைய வேலை. தண்ணீர் இல்லாமல் ஐந்து நாள் கிடந்த கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐயா, உங்களுக்குக் குறை டீசல்தான். அந்த டீசலை நீங்களே வெளைய வைக்கலாம்."

கூட்டம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது.

"காட்டாமணக்குன்னு ஒரு செடி. தரிசுல வரும். வெதையை ஆட்டினா எண்ணெய். அந்த எண்ணெயில டிராக்டர் ஓடும். மூணு வருஷம் பொறுத்தீங்கன்னா பங்க் பக்கமே போக வேண்டியதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர் போனதும் சங்கத்தின் முக்கியஸ்தர்கள் கூடினார்கள். தலைவர் காத்தமுத்துவுக்கு அறுபது வயது. எந்தப் பேச்சையும் "யோசிக்கணும்" என்றுதான் ஆரம்பிப்பார். ஒச்சப்பன் கணக்கில் புலி. நூறுக்கு மேலேயும் எண்ணுவான். சின்னமாயனுக்குப் பயம் அதிகம். அதனால் ஆபத்துகளைக் கண்டுபிடிக்கிற பொறுப்பை அவனிடம் விட்டிருந்தார்கள். தவசியாண்டி ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"யோசிக்கணும்," என்றார் காத்தமுத்து.

"மாமா, எனக்கு ஒரு பயம்," என்றான் சின்னமாயன். "சங்கத்துத் தரிசு மூணு ஏக்கரும் டீசலா நிக்கும். நடுவுல ஒருத்தன் பீடி பத்த வச்சான்னா?"

இதற்கு என்ன செய்வது என்று பேசிப் பார்த்ததில், டீசல் இருக்கிற இடத்தில் என்ன எழுதி வைக்க வேண்டும் என்பது பங்க்காரனுக்குத்தான் தெரியும் என்று முடிவாயிற்று. தவசியாண்டி டிராக்டரை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போய், அங்கிருந்த பலகைகளை ஓரெழுத்து விடாமல் எழுதிக்கொண்டு வந்தான். மறுநாள் தரிசின் ஓரத்தில் ஒரு பலகை நின்றது: "புகை பிடிக்காதீர். காற்று இலவசம்." நத்தைக்கரட்டுத் தரிசைப் பொறுத்தவரை இரண்டாவது வாக்கியம் முற்றிலும் உண்மை.

முதல் வேலை உழவு. "மண்ணை நல்லாப் புரட்டிப் போடுங்க" என்று அதிகாரி சொல்லியிருந்தார். தவசியாண்டி ஒரு நாள் முழுக்க உழுதான். மறுநாள் காலை எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒச்சப்பன் ஒரு மண்கட்டியை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"அடியில இருந்தது மேல வந்துருச்சு. சரி. ஆனா நல்லாப் புரட்டணும்னாருல்ல? ஒரு தடவை புரட்டினது வெறும் புரட்டல். நல்லாப் புரட்டினது ஆகுமா?"

ஆகாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தவசியாண்டி மறுபடி உழுதான். சாயங்காலம் சின்னமாயன் வந்து பார்த்து முகம் வெளிறிப்போனான்.

"அண்ணே, நேத்து மேல வந்த மண்ணு இப்ப அடிக்குப் போயிருக்குமே. அப்ப அடியில இருந்ததுதான அடியில இருக்கு?"

"புரட்டாத மாதிரிதான் ஆச்சு," என்றான் ஒச்சப்பன், யோசித்து.

மூன்றாவது முறை உழுதார்கள். மூன்று முறை போதுமா என்று பேச்சு வந்தது. எத்தனை தடவை உழுதாலும் சரி, ஒற்றைப்படையில் நிறுத்த வேண்டும் என்ற உண்மையை ஒச்சப்பன் கண்டுபிடித்தான். அது பெரிய கண்டுபிடிப்புத்தான். ஆனால் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது. தவறியது ஏழா எட்டா என்று நிச்சயமாகத் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று உழுதார்கள். அதுவே கணக்கைக் கெடுத்திருக்குமோ என்று பயந்து மற்றொன்றும் உழுதார்கள். டிராக்டரின் டேங்க்கில் டீசல் தீர்ந்த இடத்தில் உழவு முடிந்தது. மண் பவுடராகி, பாதி காற்றோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

அத்தோடு ஒரு பேரல் டீசல் காலி. காலிப் பேரலைப் பங்க்குக்கு எடுத்துப்போய் மறுபடி நிரப்பிக்கொண்டு வரலாமே என்று தவசியாண்டி கேட்டான். ஒச்சப்பன் சிரித்தான்.

"அதையும் டீசலுக்குக் குடுத்துட்டா, நம்ம வெள்ளாமையை எதுல ஊத்தி வைக்கிறது தவசி?"

அதுவும் நியாயமாகப் பட்டது. பேரலைக் கழுவிக் காயவைத்து, மூடி போட்டு, சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். காட்டுக்கென்று செலவான பேரல்களை அன்றிலிருந்து அங்கேதான் வரிசையாக நிறுத்தினார்கள்.

கன்று நட்டாயிற்று. கன்றுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் பண்ணைக்கிணற்றில் இருந்தது. தவசியாண்டி நாளைக்கு இரண்டு நடையை நாலாக்கினான். இதற்கிடையில் காத்தமுத்து அதிகாரிக்குப் போன் போட்டு வேறென்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். "பெருசா ஒண்ணுமில்லய்யா. முதல் வருஷம் சின்னப் பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டாப் போதும்" என்றார் அதிகாரி.

அன்றைக்குக் கூட்டம் வெகுநேரம் நடந்தது. சின்னப் பிள்ளைக்கு என்ன தேவை? பால். அது இந்த ஊரில் பிள்ளைகளுக்கே போதாது. குளிப்பாட்டுவது. அதுதான் தண்ணீர் ஊற்றுகிறோமே. "தூக்கம்," என்றான் சின்னமாயன். "பிள்ளைக தூங்கினாத்தான் வளரும். செடியை எப்படித் தூங்க வைக்கிறது?"

அப்போதுதான் தவசியாண்டி வாயைத் திறந்தான். அவன் கூட்டத்தில் பேசிய முதல் பேச்சு அது.

"எங்க மூத்தவ கைப்பிள்ளையா இருந்தப்ப டிராக்டர் சத்தம் கேட்டாத்தான் மாமா தூங்குவா. வாசல்ல சும்மா ஓடவிட்டு வைப்பேன். ரெண்டு நிமிசத்துல கண்ணு சொருகிரும்."

காத்தமுத்து அவனை ரொம்ப நேரம் பார்த்தார். "இத்தனை நாளா இவனை ஓரத்துல உக்கார வச்சிருந்தோமே," என்றார்.

அன்று முதல் உச்சிவேளையில் டிராக்டரைக் காட்டோரம் நிறுத்தி, ஒரு மணி நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டார்கள். வெயிலில் கன்றுகள் இலையைத் தொங்கப் போட்டன. "தூங்கிருச்சு," என்று சின்னமாயன் உதட்டில் விரலை வைத்துக் காட்டுவான். எல்லாரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் வீட்டுக்குப் போவார்கள். தவசியாண்டி மட்டும் ஸ்டியரிங்கில் சாய்ந்து செடிகளோடு சேர்ந்து தூங்குவான். அந்த மாதங்களில் அவன் மனசு அவ்வளவு நிறைவாக இருந்தது.

அடுத்தது ஆடுகளின் விஷயம். "இந்தச் செடியை ஆடு மாடு கடிக்காது" என்று அதிகாரி சொல்லியிருந்தார். கடிக்காது என்றால் வேலி வேண்டாமே என்று தவசியாண்டி நினைத்தான். காத்தமுத்துவும் அப்படித்தான் நினைத்தார். சின்னமாயன்தான் பிரச்சனையைக் கண்டுபிடித்தான்.

"ஆடு கடிக்காதுன்னு ஆபீசர் நம்மகிட்டச் சொன்னாரு. ஆட்டுகிட்டச் சொன்னாரா?"

சொல்லவில்லை. அதிகாரி ஆட்டிடம் பேசியதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே நத்தைக்கரட்டு ஆடுகளையும், பக்கத்து இரண்டு ஊர் ஆடுகளையும், இருபது இருபதாக டிரெய்லரில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் ஆட்டையும் ஒரு செடிக்கு முன்னால் நிறுத்தி, முகரவிட்டு, "இது கடிக்கிறது இல்ல, தெரிஞ்சுக்க" என்று பக்குவமாகச் சொல்லி, திரும்ப ஏற்றிக்கொண்டுபோய் அந்தந்தப் பட்டியில் விட்டார்கள். நூற்று அறுபது ஆடுகள். நாலு நாள் வேலை. பிறகு ஒருநாள் யாரோ சந்தையிலிருந்து புதிதாக ஒரு கிடாயை வாங்கிவந்துவிட்டார்கள். அதற்குத் தெரிந்திருக்காது என்பதால் அது ஒன்றுக்காகத் தனியாக ஒரு நடை போக வேண்டியதாயிற்று. அதுவும் செடியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இதுக்கு யாரோ முன்னாடியே சொல்லிட்டாங்க," என்றான் தவசியாண்டி.

இரண்டாவது கோடையில் பேரல் வரிசை ஏழானது. டேங்க் தண்ணீர் முதலில் காட்டுக்குப் போய், மீதிதான் ஊருக்கு வந்தது. ஒரு நாள் காலை, குடத்தோடு நின்ற பெண்கள் முன்னால் டேங்க்கின் குழாயைத் தவசியாண்டி திறந்தான். ஐம்பதாவது குடத்தில் குழாய் கொட்டாவி விட்டு நின்றது. இன்னும் நாற்பது குடம் வரிசையில் இருந்தது. ஐம்பத்தோராவது முத்துப்பேச்சியின் குடம்.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தச் செடி டீசல் குடுக்கும்னு சொன்னீங்க," என்றாள். "ரெண்டு வருஷமாப் பாக்குறேன், அது குடிக்கத்தான் செய்யுது."

தவசியாண்டி இதைக் கொண்டுபோய்ச் சங்கத்தில் சொன்னான். அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று நினைத்தான். காத்தமுத்து கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

"பொம்பளையா இருந்தாலும் சரியாச் சொல்லிட்டா. பால் குடிக்கிற பசுங்கன்னுதான நாளைக்குப் பால் குடுக்கும். டீசல் குடிக்காத செடி எப்படி டீசல் குடுக்கும்?"

அதைக் கேட்டதும் தவசியாண்டிக்கு மனசு லேசானது. ஆனாலும் அன்று சோறு சரியாக இறங்கவில்லை. குறைந்த தண்ணீருக்குத் தன்னால் ஆனது என்று ஒரு மாதம் குளிக்காமல் இருந்தான். முத்துப்பேச்சி அதையும் பாராட்டவில்லை.

மூன்றாம் வருஷம் காட்டாமணக்கு காய்த்தது. சில செடியில் பத்துக் காய், சிலதில் பன்னிரண்டு, பல செடிகளில் ஒன்றே ஒன்று வெட்கப்பட்டுக்கொண்டு இலைக்குப் பின்னால் இருந்தது. பறித்து, உடைத்து, காயவைத்ததில் விதை ஒன்றேகால் மூட்டை தேறியது. சங்கத்துக்குப் பின்னால் அப்போது பத்துப் பேரல்கள் வெறும் வயிற்றோடு காத்திருந்தன. அது போதாமல் போகுமோ என்று ஒச்சப்பனுக்குக் கவலை.

எண்ணெய் ஆலை முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வேப்பெண்ணெயும் புன்னையெண்ணெயும் ஆட்டுகிற ஆலை. "அங்க லோடு கணக்குலதான் ஆட்டுவாங்கய்யா, லோடாக் கொண்டு போங்க" என்று அதிகாரி போனில் சொல்லிவிட்டார்.

ஒன்றேகால் மூட்டையை டிரெய்லரின் நடுவில் வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இது லோடு மாதிரி தெரியல," என்றான் ஒச்சப்பன்.

"பெரிய வண்டிக்கு இது லோடு ஆகாது," என்றார் காத்தமுத்து. "லோடுன்னா என்ன? டயர் அமுங்கணும். வண்டி முக்கணும். யோசிக்கணும்."

கரட்டடியில் கல்லுக்குப் பஞ்சமில்லை. இருட்டும்வரை ஏற்றினார்கள். டயர் அமுங்கியது, அச்சு முனகியது, கல்மேட்டின் உச்சியில் ஒன்றேகால் மூட்டை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து எல்லாருக்கும் திருப்தி. மறுநாள் விடியுமுன் கிளம்பிய டிராக்டர் கரும்புகையைக் கக்கிக்கொண்டு நடந்துபோகிறவனை விட மெதுவாகப் போனது. வழியில் ஓர் எருமை அவர்களை முந்திக்கொண்டு போனது. தவசியாண்டிக்கு இன்ஜின் படும் பாட்டைக் கேட்க நெஞ்சு வலித்தது. இன்னும் கொஞ்ச தூரந்தான், அதற்கப்புறம் உனக்கு நம்ம காட்டு எண்ணெய்தான் என்று அதற்குச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

ஆலைக்காரர் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.

"கல்லு எதுக்கு?"

"லோடு," என்றார் காத்தமுத்து.

ஆலைக்காரர் தொழிலில் முப்பது வருஷமாக இருப்பவர். மேற்கொண்டு கேட்கவில்லை. "கரண்ட் இல்ல. சாயங்காலந்தான் வரும். இப்பவே ஆட்டணும்னா ஜெனரேட்டர் போடணும், அதுக்கு டீசல் இல்ல. உங்ககிட்ட இருக்கா?" என்றார்.

இருந்தது. தவசியாண்டி டிராக்டர் டேங்க்கிலிருந்து டியூப் விட்டு இழுத்து, ஜெனரேட்டருக்கு ஒரு கேன் நிறைய ஊற்றினான். ஜெனரேட்டர் ஓடியது. செக்கு சுற்றியது. சாயங்காலத்துக்குள் எண்ணெய் இறங்கிவிட்டது. டீசல் கொண்டுபோய் ஊற்றிய அதே கேனில் பிடித்தார்கள். முக்கால் கேன் வந்தது.

"பத்துப் பேரலும் நிறையும்னு நெனச்சேன்," என்றான் ஒச்சப்பன்.

"இது முதல் வெள்ளாமை," என்றார் காத்தமுத்து. "முதல் வெள்ளாமை எப்பவும் கேன்லதான் வரும்."

திரும்பும்போது ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் டிராக்டர் இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. டேங்க்கில் ஒரு சொட்டு இல்லை. தவசியாண்டி மடியில் இருந்த கேனைப் பார்த்தான்.

"இதை ஊத்தினா ஓடும் மாமா."

"ஊத்திட்டு ஊர்ல போய் என்னத்தைக் காட்டுவ?" என்றார் காத்தமுத்து. "மூணு வருஷம் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. டீசல் எங்கன்னு கேட்டா, வர்ற வழியில தீந்துபோச்சுன்னு சொல்லவா?"

மற்ற மூவரும் இறங்கித் தள்ளினார்கள். கல்லை இறக்கிவிடலாமா என்று சின்னமாயன் மூச்சிரைக்கக் கேட்டான். லோடாகப் போனது லோடாகத்தான் திரும்ப வேண்டும், பாதியில் இறக்கினால் யாருடைய லோடு என்று கேள்வி வரும் என்று ஒச்சப்பன் சொன்னான். தவசியாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கேன் தளும்பாமல் பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஏனோ கண் கலங்கியது. டிராக்டர் பசியோடு வருகிறது, அதற்கான சாப்பாடு தன் மடியில் இருக்கிறது.

ஊரே வாசலுக்கு வந்து நின்றது. முத்துப்பேச்சி கேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதானா?" என்றாள்.

"இதான்," என்றான் தவசியாண்டி.

அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் பங்க்கிலிருந்து ஒரு பேரல் வாங்கிவந்துதான் டிராக்டரை எழுப்பினார்கள். அது பதினோராவது. அடுத்த வாரம் அதிகாரி வந்தார். விளைச்சல் எப்படி என்று எழுதிக்கொண்டுபோக வேண்டும். பையிலிருந்து நோட்டை எடுத்தபடியே சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் வந்தவர், வரிசையாக நின்ற பேரல்களைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"பதினோரு பேரலா? மூணு ஏக்கர்லயா?"

"ஆமா சார்," என்றான் ஒச்சப்பன் பெருமையோடு. "எல்லாம் காட்டுக்கு ஊத்தினது."

"ஊத்தினதா?" அதிகாரியின் பேனா நின்றது. "அப்ப வெளைஞ்சது?"

தவசியாண்டி கேனைக் கொண்டுவந்து வைத்தான்.

அதிகாரி கேனைப் பார்த்தார். பேரல்களைப் பார்த்தார். உழுததைக் கேட்டார், தண்ணீர் ஊற்றியதைக் கேட்டார், ஆடுகளைப் பற்றிக் கேட்டார், கல்லைப் பற்றிக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பேரல்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர்மேல் நாம் குறை சொல்ல முடியாது. அவர் புத்தகத்தில் விதையிலிருந்து எவ்வளவு எண்ணெய் வரும் என்று போட்டிருந்தது. அந்த விதை வருகிறவரைக்கும் எவ்வளவு போகும் என்று ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லை.

"ஐயா," என்றார், "பதினோரு பேரல் உள்ள போயிருக்கு. முக்கால் கேன் வெளிய வந்திருக்கு."

"மீதி எங்க சார்?" என்று கேட்டான் ஒச்சப்பன்.

"மீதியா?" அதிகாரி தூரத்தில் தெரிந்த காட்டைக் கையால் காட்டினார். "எல்லாம் அந்தக் காட்டுலதான் போச்சு."

நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஏறப் போனார். அவர் தலை மறைந்ததும், நாலு பேர் முகத்திலும் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"காட்டுலதான் இருக்கா," என்றார் காத்தமுத்து. "நான் தொலைஞ்சுபோச்சோன்னு பயந்துட்டேன்."

மறுநாளே தோண்ட ஆரம்பித்தார்கள். டிராக்டரிலிருந்து வடம் கட்டி, உருளையில் மாட்டி, கூடை கூடையாக மண்ணை இழுத்தார்கள். டிராக்டர் முன்னால் போனால் கூடை மேலே வரும். பின்னால் வந்தால் கீழே போகும். தவசியாண்டி ஒரு மாதம் முன்னாலும் பின்னாலுமே ஓட்டினான். பேரல்கள் பதினான்கானபோது குழி நாற்பது அடி. ஒரு காலை, குழிக்குள் இருந்த சின்னமாயன் "வருது, வருது" என்று கத்தினான். எல்லாரும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். பாறை இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஊறி, மதியத்துக்குள் ஓர் ஆள் ஆழத்துக்கு ஏறிவிட்டது.

ஒரு வாளி இறைத்து மேலே கொண்டுவந்தார்கள். தவசியாண்டிதான் இத்தனை வருஷம் டீசலோடு பழகியவன் என்று அவனிடம் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான்.

"தண்ணி," என்றான். "நல்ல இனிப்புத் தண்ணி. டீசல் வாசனையே இல்ல."

எல்லார் முகமும் தொங்கிவிட்டது. சின்னமாயன் குழி ஓரத்தில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கவனிங்க," என்றான் ஒச்சப்பன். "பேரல்ல தண்ணி கலந்துட்டா டீசல் மேல மிதக்கும். இங்க மேல தண்ணிதான் இருக்கு. அப்ப டீசல் இல்லன்னுதான அர்த்தம்?"

காத்தமுத்து குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"பேரல் எப்படி இருக்கு?"

"நிக்குது."

"நிலம்?"

ஒச்சப்பன் சுற்றிலும் பார்த்தான். "படுத்திருக்கு."

"நிக்கிறதுல மேல இருக்கிறது, படுத்திருக்கிறதுல எப்படி மேல இருக்கும்? டீசல் இந்தத் தண்ணிக்கு அடியில இருக்கு. தண்ணியை எடுத்தா டீசல்."

அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. டவுனிலிருந்து ஒரு டீசல் மோட்டாரை வாடகைக்கு எடுத்துவந்து குழி ஓரத்தில் பூட்டினார்கள். பனைமரம் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து, காட்டைத் தாண்டி, ஊருக்கு முன்னால் காய்ந்து கிடந்த ஓடையில் விழுந்தது. மூன்று நாள் இறைத்தார்கள். குழியில் தண்ணீர் ஒரு சாண்கூடக் குறையவில்லை. நல்ல சித்திரை வெயில். மோட்டாரைப் பார்த்துக்கொண்டு நின்ற நாலு பேருக்கும் நாக்கு வறண்டு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள் மத்தியானம் முத்துப்பேச்சி இடுப்பில் காலிக் குடத்தோடு வந்தாள். வழியில் ஓடையைக் கடந்து வந்திருந்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். அப்படியும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பீய்ச்சுகிற தண்ணீரில் காலை நீட்டிச் சேற்றைக் கழுவிக்கொண்டே புருஷனை முறைத்தாள்.

"இங்க நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? மணி என்ன ஆச்சு? ஊர்ல ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. காலையிலிருந்து தொண்டை காஞ்சு கிடக்கோம்."

"எங்களுக்குந்தான்," என்றார் காத்தமுத்து வறண்ட குரலில். "போயிட்டு வா தவசி. முதல்ல குடிக்கத் தண்ணி. டீசல் எங்க போயிரப் போகுது."

தவசியாண்டிக்கும் அது சரியென்று பட்டது. டேங்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஓடைக்கரையில் வந்து டிராக்டரை நிறுத்தினான். கரை முட்டத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. இறங்கிப்போய் டேங்க்கின் மூடியை நன்றாகத் திருகி, அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். ஓடைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே தெறித்துவிடாமல் அங்குலம் அங்குலமாக வண்டியைக் கடத்தி அக்கரையில் ஏற்றினான். பிறகு பண்ணைக்கிணற்றுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான்.